மிசிசிப்பி நீராவிப் படகுத் தபால்: சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் வாங்கிய முதல் உறை மிசிசிப்பி ஆற்றில் போனதே இல்லை. "ஸ்டீம்ஷிப்" என்று பெரிய எழுத்தில் முத்திரை, நியூ ஆர்லியன்ஸ் முகவரி, விலை 140 டாலர். ஆற்றுப் படகில் வந்த கடிதம் என்று முழுதாக நம்பி வாங்கினேன். பிரித்துப் படித்தால் ஹவானாவிலிருந்து எழுதிய கடிதம். கடல் கப்பலில் வந்திருக்கிறது. பொருளில் குறை இல்லை, விற்றவர் பொய் சொல்லவும் இல்லை. நான்தான் படிக்காமல் வாங்கியிருந்தேன்.

வேலைக்காகக் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்துக்கு வந்து, ஒஹாயோ ஆற்றங்கரையில் நடந்து நடந்து இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. சரியாக வாங்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடத்தையும் அதில் போன பணத்தையும் நீங்கள் மிச்சப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அஞ்சல்தலை சேகரித்த அனுபவம் இல்லாதவர்களும் பின்தொடரலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீராவிப் படகில் வந்த ஒவ்வொரு கடிதமும் ஒரு சின்னக் கணக்குச் சீட்டு. யார் யாருக்கு எத்தனை சென்ட் கொடுத்தார்கள் என்பது அதன் முகத்திலேயே இருக்கிறது. முத்திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் கணக்கு நேராகவில்லை என்றால் வாங்காதீர்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இதைச் சுற்றித்தான் இருக்கின்றன.

1. ஆற்றையும் ஆண்டையும் முடிவு செய்யுங்கள்

"ஆற்றுத் தபால்" என்று பொதுவாகத் தொடங்கினால் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குவீர்கள். ஒரு ஆறு, ஒரு காலம் என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள்.

புதியவர்களுக்கு நான் சொல்வது கீழ் மிசிசிப்பி, அதாவது மெம்பிஸ் தொடங்கி நியூ ஆர்லியன்ஸ் வரை, 1845 முதல் 1861 வரை. இதற்குக் காரணம் உண்டு. நியூ ஆர்லியன்ஸ் பருத்தித் தரகர்கள் தங்களுக்கு வந்த கடிதங்களை வருடக்கணக்கில் கட்டிக் கட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கட்டுகள் பிற்பாடு சந்தைக்கு வந்ததால் பொருள் ஓரளவு கிடைக்கிறது. அதோடு, 1845 ஜூலை 1க்குப் பிறகு தபால் கட்டணம் எளிமையாகிவிட்டது. கணக்குப் போட்டுப் பழக அதுதான் நல்ல காலம்.

வேறு ஆறு வேண்டும் என்றால் ஹட்சன் ஆற்றின் "ட்ராய் அண்டு நியூயார்க் ஸ்டீம் போட்" முத்திரையும், ஒஹாயோவின் "லூயிவில் – சின்சினாட்டி மெயில் லைன்" முத்திரையும் நல்ல தொடக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் (கூட்டமைப்பு மாநிலங்கள்) படகுத் தபாலை மட்டும் முதல் சில வருடங்களுக்குத் தொடாதீர்கள். விலையும் அதிகம், போலியும் அதிகம்.

2. முத்திரைகளின் பொருளைப் படியுங்கள்

நான் சறுக்கிய இடம் இது. அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

"ஸ்டீம்" அல்லது "ஸ்டீம்போட்". இதைக் குத்தியது படகு இல்லை, தபால் நிலையம். அரசோடு தபால் ஒப்பந்தம் இல்லாத படகுகளிலும் வழியில் மக்கள் கடிதத்தைக் கொடுத்துவிடுவார்கள். துறைமுகம் சேர்ந்ததும் கேப்டன் அவற்றைத் தபால் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். பகலில் வந்தால் 3 மணி நேரத்துக்குள், இரவில் வந்தால் அடுத்த சூரிய உதயத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் என்று சட்டம் கெடு வைத்திருந்தது. ஒப்படைத்த கடிதத்துக்கு ஒன்றுக்குப் பொதுவாக 2 சென்ட் கேப்டனுக்குக் கிடைக்கும். இந்தக் கடிதத்துக்காகக் கேப்டனுக்குப் பணம் கொடுத்தோம் என்று தபால் நிலையம் தன் கணக்குக்காகப் போட்ட அடையாளமே "ஸ்டீம்". இதை மனதில் பதித்துக்கொண்டால் பாதி ஏமாற்றுகள் தானாகவே பிடிபட்டுவிடும்.

"வே". தபால் ஒப்பந்தம் உள்ள படகில், வழியில் தபால் நிலையம் இல்லாத ஏதோ ஒரு கரையில் கொடுத்த கடிதம். கொண்டுவந்தவருக்கு 1 சென்ட். அந்த 1 சென்ட் தபால் கட்டணத்தோடு சேரும். அதனால்தான் "வே 6" என்று பார்க்கிறோம்: 5 சென்ட் தபால், 1 சென்ட் வழிக் கூலி. மொபைல் நகரத்து "வே 6" முத்திரை நன்றாகத் தெரிந்த ஒன்று. கடிதம் 300 மைலுக்கு மேல் வந்திருந்தால் அதே கணக்கு 10 கூட்டல் 1, மொத்தம் 11.

பயணத் தபால் ஊழியர் முத்திரை. சில ஒப்பந்தப் படகுகளில் தபால் துறையின் ஊழியரே பயணம் செய்தார். கடிதத்தை வாங்கி முத்திரை குத்துவது அவர் வேலை. மேலே சொன்ன லூயிவில் – சின்சினாட்டி முத்திரை இந்த வகை. இது முழுக்க அரசு முத்திரை, படகுக்காரருக்குக் கூலி என்ற பேச்சு இதில் வராது.

படகின் பெயர் முத்திரை. சேகரிப்பாளர்கள் உயிரை விடுவது இதற்காகத்தான். "நாச்செஸ்", "மக்னோலியா", "பிரின்சஸ்", "எக்லிப்ஸ்" என்று படகின் பெயரையே தாங்கிய முத்திரைகள். படகின் குமாஸ்தா குத்தியவை. தபால் துறை கேட்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. பெரும்பாலும் விளம்பரத்துக்காக. அலங்கார வளைவுகளோடு, வண்ண மையில், ஓடும் நாட்களையும் கேப்டன் பெயரையும் சேர்த்துக் குத்தியவை கூட உண்டு. ஒன்றைக் கையில் பிடிக்கும்போது வரும் சந்தோஷத்தை என்னால் எழுத்தில் சொல்ல முடியாது. ஆனால் இவை அதிகாரபூர்வமில்லாதவை என்பதால் சரக்குச் சீட்டிலும் ரசீதிலும்கூட விழுந்திருக்கும். ரசீதில் விழுந்தால் அது தபால் இல்லை. விலையும் வேறு.

"ஷிப்", "ஸ்டீம்ஷிப்". இரண்டும் பெரும்பாலும் கடல் வழி. எனக்கு 140 டாலர் பாடம் கற்றுக்கொடுத்தது இந்த இரண்டாவது சொல்தான். நியூ ஆர்லியன்ஸ் ஆற்றுத் துறைமுகம் மட்டுமில்லை, கடல் துறைமுகமும்கூட. ஹவானாவிலிருந்தும் பனாமாவிலிருந்தும் வந்த கடிதங்கள் அங்கேதான் இறங்கின.

இவை தவிர, கடிதம் எழுதியவரே மூலையில் பேனாவால் "இன்ன ஸ்டீமர் வழியாக" என்று எழுதியிருப்பார். அது அவருடைய விருப்பம், அவ்வளவுதான். அந்தப் படகில்தான் போனது என்பதற்கு அது மட்டும் சாட்சியாகாது. பேனாக் குறிப்புக்கு முத்திரையின் விலையைக் கொடுத்துவிடாதீர்கள்.

3. கட்டணக் கணக்கை மனப்பாடம் செய்யுங்கள்

ஒரு சின்ன அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கண்காட்சிகளுக்கு நான் இப்போதும் அப்படித்தான் போகிறேன்.

1845 ஜூன் வரை: ஒரு தாளுக்கு 30 மைல் வரை 6 சென்ட், 80 வரை 10, 150 வரை 12½, 400 வரை 18¾, அதற்கு மேல் 25. இரண்டு தாள் என்றால் இரண்டு மடங்கு.

1845 ஜூலை 1 முதல்: அரை அவுன்சுக்கு 300 மைல் வரை 5 சென்ட், அதற்கு மேல் 10.

1851 ஜூலை 1 முதல்: 3,000 மைல் வரை, முன்பே கட்டினால் 3 சென்ட், கட்டாவிட்டால் 5.

1855 ஏப்ரல் 1 முதல்: முன்பே கட்டுவது கட்டாயம். 1856 ஜனவரி 1 முதல் அதை அஞ்சல்தலையாகவே கட்ட வேண்டும்.

எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு உதாரணம். 1848இல் மெம்பிஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு வந்த மடிப்புக் கடிதம் (தனி உறை இல்லாமல் தாளையே மடித்து முகவரி எழுதியது; சேகரிப்பாளர்கள் இதையும் உறை என்றே சொல்வார்கள்), "ஸ்டீம்" முத்திரை, பக்கத்தில் "5". மெம்பிஸ் 300 மைலைத் தாண்டி வெகு தொலைவு. 10 இருக்க வேண்டிய இடத்தில் 5 ஏன்? கடிதத்தைப் பிரித்து முதல் வரியைப் பாருங்கள். மெம்பிஸ் என்று விற்பவர் சொன்னது எழுதியவரின் சொந்த ஊராக இருக்கலாம், கடிதம் உண்மையில் பேட்டன் ரூஜில் படகேறியிருக்கலாம். அப்படியென்றால் 5 சரி. இல்லை, 1848 என்பது 1852ஆக இருக்கலாம். அப்போது கட்டாமல் வந்த கடிதத்துக்கு 3,000 மைலுக்குள் எவ்வளவு தொலைவானாலும் 5தான். இரண்டும் இல்லையென்றால் உறையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

"ஸ்டீம்" கடிதத்தில் கேப்டனுக்குப் போன 2 சென்ட் பெறுநரின் தலையில் விழவில்லை என்பதையும் கவனியுங்கள். கடிதம் புறப்பட்ட இடத்திலிருந்து சாதாரணத் தபாலில் வந்தால் என்ன கட்டணமோ அதுதான். "வே" கடிதத்தில் 1 சென்ட் சேரும், கடல் வழி "ஷிப்" கடிதத்தில் 2 சென்ட் சேரும். அதனால் "ஸ்டீம் 7" என்று யாராவது காட்டினால் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள்.

ஆண்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் காலத்துத் தபால் நிலையங்கள் குத்திய வட்ட முத்திரைகள் பெரும்பாலானவற்றில் மாதமும் தேதியும் இருக்கும், ஆண்டு இருக்காது. மடிப்புக் கடிதத்தின் உள்ளே எழுதியவர் போட்ட தேதி ஒரு வழி. வெளி மடிப்பில் வியாபாரியின் குமாஸ்தா குறுக்காக எழுதிவைத்த குறிப்பு இன்னொன்று: யாரிடமிருந்து, என்று எழுதியது, என்று வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்த இரண்டும் இல்லாத உறைக்கு நான் பாதி விலைக்கு மேல் கொடுப்பதில்லை. 1845க்கு முந்தைய கடிதத்துக்குத் தனி உறை இருந்தாலும் சந்தேகப்படுங்கள். உறையும் ஒரு தாளாகக் கணக்கில் சேர்ந்து கட்டணம் இரட்டிக்கும் என்பதால் மக்கள் தாளையே மடித்து முகவரி எழுதினார்கள்.

4. பணம் போடுவதற்கு முன் மூன்று மாதம் படியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். செலவும் அதிகமில்லை.

பென்சில்வேனியாவின் பெல்ஃபான்ட் நகரத்தில் இருக்கும் அமெரிக்க அஞ்சல்தலைச் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். பக்கத்திலேயே அவர்களுடைய ஆய்வு நூலகம் இருக்கிறது. உறுப்பினர்களுக்குத் தபாலில் புத்தகம் கடன் கொடுப்பார்கள். படகுப் பெயர் முத்திரைகளைப் படம் போட்டுப் பட்டியலிடும் கையேடுகள் இப்போது கடையில் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை அதிகம். நூலகத்திலிருந்து எடுத்து, உங்கள் ஆறு சம்பந்தப்பட்ட பக்கங்களை மட்டும் குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தபாலுக்கென்றே இயங்கும் கிளாசிக்ஸ் சங்கத்தின் பழைய இதழ்கள் இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது.

அப்புறம், பெரிய ஏல நிறுவனங்கள் பழைய ஏலங்களின் படங்களையும் விற்ற விலையையும் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. நியூயார்க்கின் சீகல் ஏல நிறுவனத்தின் தேடுபொறி இதற்கு மிக நல்லது. "ஸ்டீம்போட்", "பாக்கெட்" (குறித்த நாட்களில் ஓடிய படகு), "வே" என்று தனித்தனியாகத் தேடுங்கள். ஒரு 200 உறைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு விவரிப்பைப் படியுங்கள். உங்கள் விடையும் அவர்கள் விடையும் பத்தில் எட்டு முறை ஒத்துப்போகும்போது நீங்கள் வாங்கத் தயார்.

5. வாங்கும் இடமும் உண்மையான விலையும்

முதல் பத்து உறைகளைக் கண்காட்சியில் நேரில் வாங்குங்கள். வியாபாரிகள் பெட்டிகளை மாநிலவாரியாக அடுக்கி வைத்திருப்பார்கள். "ஸ்டீம்போட்" என்று தனிப் பெட்டி இருந்தால் அதில் விலை ஏற்கெனவே ஏறியிருக்கும். லூசியானா, மிசிசிப்பி, டென்னசி, கென்டக்கி பெட்டிகளைப் பொறுமையாகப் புரட்டுங்கள். புறப்பட்ட ஊரின் முத்திரை இல்லாததால் பல "ஸ்டீம்" கடிதங்கள் தவறான மாநிலத்தில் உட்கார்ந்திருக்கும். மக்னோலியா பெயர் முத்திரை ஒன்றை நியூயார்க் பெட்டியிலிருந்து எடுத்தேன், பெறுநர் நியூயார்க்காரர் என்ற ஒரே காரணத்தால் அது அங்கே இருந்தது.

நான் பார்த்தவரை விலை நிலவரம் இப்படி: அஞ்சல்தலை இல்லாத, தெளிவான "ஸ்டீம்" மடிப்புக் கடிதம் 25 முதல் 75 டாலர். "வே 6" போன்றவை 40 முதல் 100. படகுப் பெயர் முத்திரை 150இல் தொடங்கி 500 வரை சாதாரணமாகப் போகும், அரிய பெயரோ அழகிய வடிவமோ என்றால் ஆயிரங்களுக்கும் ஏறும். 1847இன் 5 சென்ட், 10 சென்ட் அஞ்சல்தலைகள் ஒட்டியிருந்தால் அந்த அஞ்சல்தலையின் விலையும் சேர்ந்துகொள்ளும். தொடக்கத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஏலத்துக்குப் போனால் சுத்தியல் விலையை, அதாவது ஏலம் முடியும் விலையை, மட்டும் பார்க்காதீர்கள். வாங்குபவர் கட்டணம் என்று 15 முதல் 20 சதவீதம் வரை சேர்ப்பார்கள். என் சொந்தக் கணக்கு ஒன்று: சுத்தியல் விலை 100, வாங்குபவர் கட்டணம் 18, கென்டக்கி விற்பனை வரி 6 சதவீதம் என்பதால் 118க்கு 7 டாலர், பதிவுத் தபால் 15. ஆக 140. அசல்தானா என்று நிபுணர் குழு தரும் சான்றிதழுக்கு அனுப்பினால் இன்னும் ஒரு 40. 100 டாலர் உறைக்கு 180 டாலர் எடுத்துவைக்க வேண்டும். ஏலத்தில் உச்சவரம்பு எழுதும்போது இந்தக் கணக்கைப் பின்னாலிருந்து போட்டு எழுதுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். வாங்கிய பொருளை நிபுணர் குழுவிடம் காட்டி, போலி என்று வந்தால் திருப்பிக் கொடுக்க வழி உண்டு. ஆனால் அதற்கான கால நீட்டிப்பை ஏலம் நடப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஏலம் முடிந்தபின் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. எனக்குக் கிடைக்கவில்லை. 260 டாலர் கொடுத்து வாங்கிய ஒரு பெயர் முத்திரை உறை, "முத்திரை பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது" என்ற தீர்ப்போடு திரும்பி வந்தது. ஏல விதிகளின்படி திருப்பும் கெடு முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இப்போது விதிகள் பக்கத்தை அச்செடுத்து, கெடுத் தேதியைச் சிவப்பில் வட்டமிட்டுவிட்டுத்தான் ஏலம் கேட்கிறேன்.

6. கையில் வந்ததும் செய்ய வேண்டிய சோதனை

தேவையானவை மூன்று: 10 மடங்கு பூதக்கண்ணாடி, சின்னப் புற ஊதா விளக்கு, நல்ல பகல் வெளிச்சம். எல்லாம் சேர்ந்து 40 டாலருக்குள் முடிந்துவிடும்.

முத்திரையின் கோடு பழைய மடிப்பைக் கடக்கும் இடத்தைப் பாருங்கள். கடிதம் மடித்து முத்திரை குத்தியபின் வருடக்கணக்கில் திறந்து மூடியதில் மடிப்பு தேய்ந்திருக்கும், அங்கே மையும் சேர்ந்து தேய்ந்திருக்க வேண்டும். தேய்ந்த நார்களுக்குள் மை இறங்கி ஊறியிருந்தால், காகிதம் பழசானபின் குத்தியது என்று அர்த்தம். என் 260 டாலர் உறை மாட்டிக்கொண்டது இதில்தான். அழுக்குக்கு மேலே மை உட்கார்ந்திருக்கிறதா, அழுக்குக்குக் கீழே இருக்கிறதா என்பதும் அதே மாதிரி சாட்சி சொல்லும். புற ஊதா விளக்கில் முத்திரையோ பேனா எழுத்தோ மற்ற மையிலிருந்து தனித்துத் தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம்.

அப்புறம் மறுபடியும் கணக்கு. நாச்செஸ் என்ற ஆற்றங்கரை ஊரின் தபால் நிலைய வட்ட முத்திரையும் நியூ ஆர்லியன்ஸ் "ஸ்டீம்" முத்திரையும் ஒரே முகத்தில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நாச்செஸ் தபால் நிலையத்திலேயே கொடுத்துவிட்ட கடிதம் தபால் பைக்குள் போயிருக்கும். தனியாகக் கேப்டன் கையில் கொடுத்ததில்லை. பிறகு அவருக்கு எதற்கு 2 சென்ட்? "ஸ்டீம்" எதற்கு? இப்படிச் சேர்ந்து வருவதற்கு உண்மையான விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் முதல் வருடத்தில் விதிவிலக்குகளை வாங்காதீர்கள். சாதாரண மடிப்புக் கடிதம் ஒன்றில் "ஸ்டீம்" குத்தி விலையேற்ற நினைப்பவர், வட்ட முத்திரை இருப்பதைப் பற்றி யோசிக்க மாட்டார். ஆற்றுக் கடிதம் என்றால் படகில் ஏறிய ஊரின் முத்திரை இருக்காது, இறங்கிய ஊரின் அடையாளங்கள்தான் இருக்கும். அங்கிருந்து மேலும் வேறு ஊருக்குப் போக வேண்டிய கடிதமானால் நியூ ஆர்லியன்ஸ் வட்ட முத்திரை கூடவே விழும்.

படகுப் பெயர் முத்திரை மட்டும் இருக்கிறது, தபால் நிலைய அடையாளம் எதுவுமே இல்லை என்றால்? இதற்கு நேர்மையான காரணங்கள் இரண்டு உண்டு. ஒன்று, படகில் ஏற்றிய சரக்கைப் பற்றிய கடிதத்தைத் தபாலுக்கு வெளியே கொண்டுபோக அனுமதி இருந்தது. உள்ளே படித்தால் "40 பேல் பருத்தி ஏற்றியிருக்கிறேன்" என்ற மாதிரி இருக்கும். இரண்டு, 1852 ஆகஸ்ட் 31 சட்டத்துக்குப் பிறகு, அரசே அஞ்சல்தலை அச்சிட்டு விற்ற உறையில் போட்டால் தபாலுக்கு வெளியேயும் கொண்டுபோகலாம். அந்த உறைகள் 1853இல்தான் விற்பனைக்கு வந்தன. எனவே 1850 தேதியிட்ட அரசு உறை என்று யாராவது காட்டினால் அது நடக்காத காரியம்.

7. சான்றிதழ்: எப்போது, எவ்வளவு, எத்தனை நாள்

100 டாலருக்குக் கீழ் என்றால் சான்றிதழுக்கு அனுப்பாதீர்கள், உங்கள் கண்ணை நம்புங்கள். 150க்கு மேல் போனால், குறிப்பாகப் பெயர் முத்திரை என்றால், கட்டாயம் அனுப்புங்கள். நியூயார்க்கின் ஃபிலடெலிக் ஃபவுண்டேஷன், அமெரிக்க அஞ்சல்தலைச் சங்கத்தின் நிபுணர் குழு, இரண்டுமே சந்தையில் மதிப்புள்ளவை. கட்டணம் பொருளின் மதிப்பைப் பொறுத்து ஏறும். தொடக்கக் கட்டணமும் போகவரத் தபால் செலவும் சேர்த்து 40 முதல் 60 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கு உறுதியில்லை. எனக்கு ஒரு முறை ஆறு வாரத்தில் வந்தது, இன்னொரு முறை நான்கு மாதம் ஆனது. மேலே சொன்ன நீட்டிப்பைக் கேட்கும்போது இதை நினைவில் வைத்து நீளமான கெடுவாகக் கேளுங்கள்.

விண்ணப்பத்தில் "இது அசலா" என்று மட்டும் எழுதாதீர்கள். "முத்திரை அசலா, இந்த உறையிலேயே விழுந்ததா, அஞ்சல்தலை இதற்கே சொந்தமானதா" என்று பிரித்துக் கேளுங்கள். அசல் முத்திரையும் அசல் அஞ்சல்தலையும் ஒரே உறையில் இருந்தாலும், அந்த அஞ்சல்தலையைப் பின்னால் யாரோ ஒட்டியிருக்கலாம். பழைய சான்றிதழோடு வரும் உறையானால் தேதியைப் பாருங்கள். 40 வருடத்துக்கு முந்தைய தீர்ப்பு இன்றைய கருவிகளுக்கு முன் நிற்குமா என்பது தனிக் கேள்வி.

8. பாதுகாப்பும் காகிதங்களும்

பிவிசி பிளாஸ்டிக் உறைகளில் போடாதீர்கள், காலப்போக்கில் அது காகிதத்தையும் மையையும் கெடுத்துவிடும். பாலியஸ்டர் உறை, அமிலமில்லாத அட்டை, இவை போதும். கிழிந்த மடிப்பை ஒட்டும் நாடாவால் ஒட்டாதீர்கள். அழுக்கைத் தேய்க்காதீர்கள், அந்த அழுக்குத்தான் உங்களுக்குச் சாட்சி. ஒவ்வொரு உறைக்கும் வாங்கிய ரசீது, ஏலப் படம், சான்றிதழ், முன்பு யாரிடமிருந்தது என்ற விவரம், நீங்கள் போட்ட கட்டணக் கணக்கு, இவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் சேகரிப்பை முழுதாக ஈடு செய்யாது. 5,000 டாலரைத் தாண்டும்போது சேகரிப்பாளர் காப்பீட்டைப் பற்றி விசாரியுங்கள்.

உள்ளே இருக்கும் கடிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலர் வெளிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். கீழ் மிசிசிப்பிக் கடிதங்கள் பருத்தித் தோட்டங்களிலிருந்து வந்தவை. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்ட மனிதர்கள். ஆற்று மட்டம், பருத்தி விலை, அனுப்ப வேண்டிய செருப்பின் எண்ணிக்கை இவற்றுக்கு நடுவே, ஒரு வரியில் ஒரு பெண்ணின் பெயரும் அவளுடைய விலையும் இருக்கும். அப்படி ஒரு கடிதம் என்னிடம் இருக்கிறது. அவளுடைய பேரன் பேத்திகளின் பிள்ளைகள் இன்று எங்கோ தங்கள் முன்னோர்களைத் தேடிக்கொண்டிருக்கலாம். அவள் பெயர் எழுதப்பட்ட ஒரே காகிதம் என் கையில் இருப்பதாகக்கூட இருக்கலாம். அதனால் ஒவ்வொரு கடிதத்தையும் இரு பக்கமும் ஸ்கேன் செய்து, எழுத்துக்கு எழுத்துப் படியெடுங்கள். இப்படிப் பெயர்கள் வந்தால் அந்த மாநில ஆவணக் காப்பகத்துக்கோ பல்கலைக்கழக நூலகத்துக்கோ ஒரு படியை அனுப்புங்கள். ஸ்கேனுக்கும் தபாலுக்கும் சேர்த்து 5 டாலர்கூட ஆகாது. அடுக்கிய கடிதக் கட்டு ஒன்று கிடைத்தால், முத்திரை நன்றாக இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைப் பிரித்து விற்காதீர்கள். முடிந்தால் கட்டாகவே வைத்திருங்கள். முடியாவிட்டால் பிரிப்பதற்கு முன் எல்லாவற்றையும் படியெடுத்துவிடுங்கள்.

9. இந்தியாவுக்கு வரவழைப்பவர்களுக்கு

சென்னையிலிருந்து இரண்டு நண்பர்கள் வாங்குகிறார்கள், அவர்கள் மூலம் தெரிந்துகொண்டது இது. சுங்க அறிக்கையில் "பழைய காகிதம்" என்றோ "ஆவணம்" என்றோ எழுதாமல், சேகரிப்புக்கான அஞ்சல் உறை என்று எழுதி 9704 என்ற சுங்கவரித் தலைப்பு எண்ணைக் குறிப்பிடச் சொல்லுங்கள். ரசீது பொட்டலத்தின் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று இருக்க வேண்டும். விலையைக் குறைத்துக் காட்ட வேண்டாம், தொலைந்தால் அந்தக் குறைந்த விலைக்குத்தான் காப்பீடு கிடைக்கும். வரி விகிதத்தை அனுப்பச் சொல்வதற்கு முன்பே சுங்க அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் வேலையை அமெரிக்காவிலேயே முடித்துவிட்டு உறையை வரவழையுங்கள். 100 ஆண்டு கடந்த பொருட்கள் இந்தியாவை விட்டு வெளியே போவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. நம் உறைகள் எல்லாமே 150 வயதைத் தாண்டியவை. வந்து சேர்ந்த உறையைச் சோதனைக்காகத் திருப்பி அனுப்ப நினைத்தால், முதலில் தொல்லியல் துறையிடம் அனுமதி பற்றி விசாரிக்க வேண்டிவரும். ஏல நிறுவனமே உங்கள் சார்பில் நேராக நிபுணர் குழுவுக்கு அனுப்பிவைக்கும், கேட்டால் செய்து தருகிறார்கள். கால நீட்டிப்பு கேட்கும் அதே கடிதத்தில் இதையும் கேட்டுவிடுங்கள்.